ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

கணக்கு வரவில்லை என்றதும் டியூஷனில் அதே ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைத்தான் மறுபடி நடத்துகிறார்கள். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று நம் கரையோரம் முழுக்க இதுதான் நடக்கிறது. பிள்ளை சிக்கி நிற்பதோ பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வகுப்புக் கணக்கில். அதைச் சரிசெய்யாமல் எத்தனை மணி நேரம் உட்கார வைத்தாலும் பிரயோஜனம் இல்லை.

முதலில் கூட்டல், கழித்தல், வகுத்தல், பின்னம் கலந்து பத்துக் கணக்கு கொடுங்கள். மார்க் போட வேண்டாம், தப்பைப் படியுங்கள். 402 − 178 = 376 என்று எழுதியிருந்தால் அது கவனக்குறைவு இல்லை. மேலே சின்ன எண், கீழே பெரிய எண் வந்தால் பிள்ளை திருப்பிப் போட்டுக் கழிக்கிறது. 8-ல் 2 போக 6, 7-ல் 0 போக 7. பக்கத்தில் கடன் வாங்கலாம் என்றால் அங்கே பூஜ்யம் உட்கார்ந்திருக்கிறது!

இதற்குத் தாளில் ரூபாய் நோட்டு வெட்டிக்கொள்ளுங்கள். நாலு நூறு, இரண்டு ஒரு ரூபாய். அதிலிருந்து 178 எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்றி, அதில் ஒரு பத்தைச் சில்லறையாக்கினால்தான் முடியும். இப்போது கையில் 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் உடனுக்குடன் நோட்டுப் புத்தகத்தில் எழுத வையுங்கள். 224 தானாக வரும்.

பின்னத்தில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளையிடம் விதியைச் சொல்லாதீர்கள். தராசில் அரைக் கிலோ நண்டு இருக்கிறது, மேலே இன்னும் போட்டால் 400 கிராமாகக் குறையுமா என்று கேளுங்கள். 2/5 கிலோ என்பது 400 கிராம்தானே. விடை பொருந்தவில்லை என்று பிள்ளைக்கே பட வேண்டும், அதற்கப்புறம்தான் ஆறில் மூன்று, ஆறில் இரண்டு.

தினம் இருபது நிமிடம் போதும். பத்தில் எட்டுக் கணக்கு தெரிந்ததாகவும் இரண்டு புதிதாகவும் இருக்கட்டும். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை மட்டும் கையில் கொடுத்துவிடாதீர்கள், தம்பி தங்கச்சி முன்னால் குறுகிப்போகும். தனித்தாளில் எழுதிக் கொடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், பள்ளி விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. டீசல், ஐஸ் செலவு போக மீதியைப் பங்கு பிரிக்கத் தெரிந்த அப்பா தாராளமாகப் பக்கத்தில் உட்காரலாம். விடையைச் சொல்ல வேண்டாம், "எப்படி வந்துச்சு?" என்று கேட்டால் போதும். சரியான விடைக்கும் அதையே கேளுங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால், அந்தக் கேள்வி வந்ததுமே பிள்ளை ரப்பரைத் தேட ஆரம்பித்துவிடும்.