182-ஆம் பக்கத்தில் நிற்கும் பெண்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மர்ம நாவலைப் பற்றிய கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். அங்கே பேசிய ஒருவர் திங்கட்கிழமை போட்ட பதிவைப் படித்த பிறகு பொறுக்க முடியவில்லை. கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். பெயரைப் போட மாட்டேன். மூத்தவர், எனக்குப் பல புத்தகங்களைப் படிக்கக் கொடுத்தவர். அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

மைக் கைக்கு வந்த இரண்டாவது நிமிடத்தில் நாவலின் முடிவைச் சொல்லிவிட்டார். நான்கு தோழிகளில் பொய் சொன்னவள் யார், இருபது வருடம் அதை எதற்காக மறைத்தாள், எல்லாவற்றையும். முன்வரிசையில் பென்னாகரத்திலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவி பஸ் டிக்கெட்டை 182-ஆம் பக்கத்தில் அடையாளமாகச் செருகி வைத்திருந்தாள். அவள் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்ததை நான் பார்த்தேன். கூட்டம் முடியும்வரை அதை வெளியே எடுக்கவில்லை.

முடிவு தெரிந்தால் செத்துப்போகும் நாவல் நாவலே அல்ல என்று மறுநாள் எழுதுகிறார். அதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட விருப்பக்குறிகள்.

ஐயா, யார் செய்தார்கள் என்பதா அந்த நாவலின் இரகசியம்? இல்லை. எதை முதலில் அறிகிறோம், எதைப் பிறகு அறிகிறோம் என்ற வரிசைதான் அந்த நாவல். தோழியை நம்புகிறோம், சந்தேகப்படுகிறோம், சந்தேகப்பட்டதற்காக வெட்கப்படுகிறோம், மறுபடியும் சந்தேகப்படுகிறோம். அந்த வெட்கம் வாசகருக்குச் சொந்தமானது. அதை நீங்கள் அந்தப் பெண்ணிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள்.

அமெரிக்க எழுத்தாளர் டோனா டார்ட்டின் ‘தி சீக்ரெட் ஹிஸ்டரி’ நாவலை உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். 1992-இல் வந்தது. நண்பர்கள் சேர்ந்து தங்கள் நண்பனையே கொன்றதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே சொல்வது எழுதியவர். எந்தக் கதவை எப்போது திறப்பது என்று முடிவு செய்ய வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. வழியில் போகிறவருக்கு இல்லை. லண்டனில் அகதா கிறிஸ்டியின் ‘தி மௌஸ்டிராப்’ நாடகம் 1952-இல் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் நின்றது தவிர, இன்றுவரை நடக்கிறது. ஒவ்வொரு முறை நாடகம் முடிந்ததும் நடிகர்கள் பார்வையாளர்களிடம் முடிவை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். எழுபது வருடத்துக்கும் மேலாக முன்பின் தெரியாத மனிதர்கள் அந்த வேண்டுகோளை மதிக்கிறார்கள். நம்மால் ஒரு மாலைப்பொழுது முடியவில்லை.

முடிவைத் தொடாமல் விமர்சனம் எழுதவே முடியாதா என்று கேட்பவர்களுக்கு: முடியும். எழுதியிருக்கிறேன். மர்ம நாவலெல்லாம் இலக்கியமா என்று கேட்பவர்களிடம் இன்று பேசப்போவதில்லை.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

1998. தர்மபுரியில் கல்லூரி இறுதியாண்டு. அந்த வருடம் எங்கள் மாந்தோப்பில் காய்ப்பே இல்லை. கட்டணம் கட்டக் கடைசி நாளுக்கு முந்தைய நாள் என் தோழி பணம் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தை கொடுத்தார், மெதுவாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்றாள். அடுத்த வாரம் அவள் காதில் தோடு இல்லை. ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக் குளித்தபோது ஆற்றில் விழுந்துவிட்டது என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தங்கத்தைக் கூடப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேலைக்குப் போனதும் முதல் காரியமாக அந்த அத்தையின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். ஒன்பது வருடம் கழித்து, பாலக்கோட்டில் ஒரு கல்யாணப் பந்தியில், அவளுடைய உறவுக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே போட்டு உடைத்தார். அத்தை பணம் கொடுக்கவே இல்லை. தோட்டை விற்றிருக்கிறாள். அதற்காக அவளுடைய அம்மா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவள் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்க்கவே இல்லை. பாயசம் வருவதற்குள் எழுந்து போய்விட்டாள்.

உண்மை தெரிந்தது நல்லதுதானே என்பீர்கள். நல்லதில்லை. அவள் வாயால் சொல்லியிருந்தால் அது எங்கள் இருவருக்கும் இடையில் இருந்திருக்கும். வேறொருவர் சொன்னதால் அவளுக்கு அது கூச்சமாகவும் எனக்குக் கடனாகவும் ஆகிவிட்டது. அதன்பிறகு நாங்கள் பழையபடி பேசிக்கொண்டதே இல்லை. பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அனுப்புகிறாள், அவ்வளவுதான்.

அந்த நாவலிலும் ஒருத்தி தொடக்கத்தில் ஒரு சின்னப் பொய் சொல்கிறாள். எல்லோரையும் போல நானும் அதைத் தாண்டிப் போய்விட்டேன். கடைசியில் அது திரும்பி வந்தபோது புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பொய்யை நான் விவரமாகக் கவனித்திருப்பேன். ஏமாந்திருக்க மாட்டேன். ஏமாறாமல் அதைப் படித்து என்ன பயன்?

அதியமான் ஆண்ட தகடூரான இந்தத் தர்மபுரி மண்ணில் இருந்துகொண்டு இதை நான் விளக்க வேண்டியிருப்பதுதான் வேதனை. அதியமான் நெல்லிக்கனியைக் கொடுத்தபோது அதன் பயனைச் சொல்லாமல் ‘நின்னகத்து அடக்கி’க் கொடுத்தான் என்று புறநானூற்றின் 91-ஆம் பாட்டில் ஔவையார் பாடுகிறார். முதலில் உண்டார், பிறகு அறிந்தார். நடுவில் ஒரு அவைக்காரர் எழுந்து, அம்மையே, அதை உண்டால் சாவு நீங்கும், அரசனுக்கு வைத்திருந்த கனி அது என்று சொல்லியிருந்தால் ஔவையார் கையில் வாங்கியிருப்பாரா? அந்தப் பாட்டுதான் நமக்குக் கிடைத்திருக்குமா?

நான் உணர்ச்சிவசப்படுகிறேன் என்று அவருடைய நண்பர்கள் எழுதுவார்கள். எழுதட்டும்.

ஐயா, என்னிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். அந்த மாணவியின் எண் கூட்டத்தை நடத்தியவர்களிடம் இருக்கிறது. அவளிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். இன்று காலை நான் பேசினேன். டிக்கெட் இன்னும் 182-ஆம் பக்கத்திலேயே இருக்கிறதாம்.