சூரிய மின்தகடு வைத்தால் மின்கட்டணமே வராதா?

‘கூரையில் சூரிய மின்தகடு வைத்துவிட்டால் மின்கட்டணம் அடியோடு நின்றுவிடும், பிறகும் வாங்கப்படும் நிலைக்கட்டணம் (எவ்வளவு மின்சாரம் எடுத்தாலும் மாறாத கட்டணம்) மோசடி’ என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. தகடுகள் நண்பகலில் மிகுதியாக உற்பத்தி செய்து இரவில் முற்றிலும் ஓய்ந்துவிடுவதால், பேட்டரி இல்லாத வீடு விளக்கேற்றும் நேரத்தில் பொது மின்கட்டமைப்பையே நம்பியிருக்கிறது. கம்பி, மின்மாற்றி, பராமரிப்பு ஆகியவற்றின் செலவோ நாம் குறைந்த யூனிட் எடுப்பதால் பெரிதாகக் குறைவதில்லை. நிலைக்கட்டணம் அதற்கானது. (அது எவ்வளவு இருக்கலாம் என்று வாதிடுவது நியாயம்தான், மோசடி என்பது வேறு.) மின்தடையின்போது, கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக, கட்டமைப்போடு இணைந்த சாதாரண சூரிய இன்வெர்ட்டரும் (தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் கருவி) தானாகவே நின்றுவிடும், அப்போது தகட்டிலிருந்தும் மின்சாரம் வராது என்பதை அச்செய்தி சொல்வதே இல்லை. ஐயமுள்ளவர்கள் தங்கள் மின்கட்டண ரசீதையும், மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வெளியிடும் கட்டண ஆணையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.