பேனரில் இல்லாத 27 வருஷம்

அப்பா போய் இன்றோடு ஒரு மாதம். கண்ணீர் அஞ்சலி பேனர் இன்னும் சேலம் சிவதாபுரத்தில் எங்கள் தெருமுனையில்தான் தொங்குகிறது. பச்சை யூனிஃபார்ம், சாய்த்து வைத்த தொப்பி, 25 வயது முகம். கீழே ‘முன்னாள் ராணுவ வீரர்’. அதற்கும் கீழே ‘சேகோ ஆலை வாட்ச்மேன்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். “அக்கா, அது கௌரவமா இருக்காது” என்றான் சித்தப்பா மகன். அழுகிற நேரத்தில் யார் சண்டை போடுவது? விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

சீனப் போருக்குப் பிறகு ராணுவத்துக்கு ஆள் நிறைய எடுத்த காலம் அது. 1964-இல் 18 வயதில் பெங்களூர் போய் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது மாதிரி வேலைகளைப் பார்க்கும் ராணுவப் பொறியியல் பிரிவு அது. அங்கே ஜவான்களுக்கு ‘தம்பி’ என்றுதான் பேர். 1979-இல் பென்ஷன் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வயது 33. ஆபீசர்களுக்கு வேறு கணக்கு. அந்தக் காலத்தில் சிப்பாய் ரிட்டயர்டு ஆனது இப்படித்தான், பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேருகிற வயதில். அந்த பென்ஷன் அரிசிக்கு ஆகும், ஸ்கூல் பீஸுக்கு ஆகாது. ராத்திரி சேகோ ஆலைக்கு, அதாவது ஜவ்வரிசி ஆலைக்கு, வாட்ச்மேன் வேலைக்குப் போனார். 2006 வரை போனார்.

1971 பாகிஸ்தான் போரில் பசந்தர் ஆற்றங்கரையில் இருந்தவர். டாங்கிப் படை அதிகாரி அருண் கேத்தர்பால் 21 வயதில் உயிர்விட்டு பரம்வீர் சக்ரா பெற்ற அதே இடம். கண்ணிவெடிகளை முழுசாக எடுத்து முடிப்பதற்குள்ளேயே டாங்கிகள் உள்ளே போன ராத்திரி அது. நான் எட்டாவது படிக்கும்போது ஒரே ஒரு தடவை, பழைய குடைக்கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லையில் குப்புறப் படுத்துக் காட்டினார். “நேரா குத்தக் கூடாது கண்ணு. மேல அழுத்துனா வெடிச்சிரும். சாய்ச்சு, மெதுவா. பக்கவாட்டுல தட்டுப்படணும்.” கம்பி மண்ணுக்குள் ஒரு சாண் போனது. ஒரு கல் தட்டியது. அப்பா கையை அப்படியே நிறுத்திவிட்டார். கல்தான் என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் அவர் சுற்றிலும் விரலால் மண்ணை ஒதுக்கி, அதைப் பார்த்த பிறகுதான் எழுந்தார்.

இதைவிட எனக்கு நினைவில் நிற்பது காலை ஆறரை மணிதான். அம்மா விடிவதற்குள் கொலுசுப் பட்டறைக்குப் போய்விடுவார். அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு வருவார், சட்டையெல்லாம் மரவள்ளி மாவு புளித்த வாடை. தூங்கப் போக மாட்டார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எனக்கும் தங்கச்சிக்கும் இரட்டை ஜடை பின்னுவார். பாலம் கட்டக் கற்றுக்கொண்ட முடிச்சோ என்னவோ, சாயந்திரம் அம்மா கத்தரிக்கோல் எடுத்தால்தான் ரிப்பன் அவிழும். சனிக்கிழமை என்றால் தட்டுவடை செட் உண்டு. கொத்தமல்லிச் சட்னி தூக்கலாகக் கேட்டு வாங்கி வருவார்.

(மிலிட்டரி கேன்டீன் போகும் நாளில் மட்டும் சொந்தக்காரர்களுக்கு எங்கள் மேல் பாசம் பொங்கும். அப்பா குடிக்க மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும்.)

டிசம்பர் 7 கொடிநாளுக்கு நாம் எல்லாரும் சல்யூட் ஸ்டேட்டஸ் வைக்கிறோம். வையுங்கள், தப்பில்லை. ஆனால் ஏடிஎம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் “சாப்ட்டீங்களா” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கிறோமா? அவரும் எக்ஸ் சர்வீஸாக இருக்கலாம். இல்லாவிட்டாலும்தான் என்ன? எல்லையில் கண் விழித்தால் வீரம், ஆலை கேட்டில் கண் விழித்தால் சொல்லக் கூச்சம் என்பது எந்த ஊர் நியாயம்? என்னை டிகிரி படிக்க வைத்தது அந்தக் கேட் சம்பளம். 27 வருஷத்துக்குப் பிறகு ஒரு வேட்டி சட்டையும் கைகுலுக்கலும் கொடுத்து அனுப்பினார்கள். அவர் அந்த வேட்டியைப் பத்திரமாக வைத்திருந்தார். எனக்குத்தான் ஆறவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று வாசலில் ஒரு வயசாளி வந்து நின்றார். ஆலையில் மூட்டை தூக்கியவராம். பஸ் மாறி வந்த களைப்பு. பேனருக்கு நேர் கீழே நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“ஏனுங்கம்மா, இங்க நம்ம வாட்ச்மேன் அண்ணன் வீடு எதுங்க?”