மின்சார ஸ்போர்ட்ஸ் கார் மலையேறாதா?

"மின்சார ஸ்போர்ட்ஸ் கார் நேர்ச்சாலையில் மட்டும்தான் பாயும், வளைவும் ஏற்றமும் வந்தால் பெட்ரோல் காரிடம் தோற்றுவிடும்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு.

அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள பைக்ஸ் பீக் மலைப்பந்தயத்தைப் பாருங்கள். சுமார் 20 கிலோமீட்டர், 156 வளைவுகள், முடிவிடம் 4,300 மீட்டர் உயரத்தில். 2013இல் செபாஸ்டியன் லோப் பெட்ரோலில் ஓடும் பியூஜோ காரில் 8 நிமிடம் 13 விநாடியில் ஏறினார். 2018இல் ரோமன் துமா ஓட்டிய ஃபோக்ஸ்வாகனின் மின்சாரக் கார் 7 நிமிடம் 57 விநாடியில் உச்சியைத் தொட்டது. எட்டு நிமிடத்துக்குள் ஏறிய முதல் வாகனம் அதுதான்! காரணம் எளிது: மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. காற்றை நம்பி எரியும் என்ஜின் திணறும். மின்மோட்டாருக்கு அந்தக் கவலையே இல்லை.

ஆனால் அது பந்தயத்துக்கென்றே எடை குறைவாகக் கட்டிய கார். கடையில் வாங்கும் காரில் பேட்டரியின் எடை உண்மையான குறை; அதை மறைப்பதும் பொய்தான். ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில், 1,000 குதிரைத்திறனைத் தாண்டும், 2 டன்னுக்கு மேல் எடையுள்ள போர்ஷே டைகான் டர்போ ஜிடி 2023இல் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொண்ட நேரம் 7 நிமிடம் 7 விநாடி. அதே நிறுவனத்தின் பெட்ரோல் கார், 525 குதிரைத்திறன் மட்டுமே கொண்ட 911 ஜிடி3 ஆர்எஸ், 2022இலேயே 6 நிமிடம் 49 விநாடியில் சுற்றி முடித்திருந்தது.