கலியாண வீட்டுச் சாறிக்கு ஒரு விலை, கந்தோர் உடுப்புக்கு ஒரு விலை

எங்கட மட்டக்களப்புப் பக்கத்து வீடுகளில் அலுமாரியைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். மேல் தட்டில் பட்டு, கல்லு வைத்த சாறி, இன்னும் கவர் கழற்றாத லெஹெங்கா. கையெட்டுகிற தட்டில் கழுத்துத் தொங்கிய ரீசேட்டும் சாயம் போன சல்வாரும். வருடத்தில் நாலைந்து நாள் உடுப்பதற்குக் காசைக் கொட்டுகிறோம். மீதி நாளெல்லாம் உடுப்பதை, மலிவாகக் கிடந்தது என்று அள்ளிக்கொண்டு வருகிறோம். இது தலைகீழ் என்பதுதான் என் கட்சி. நல்ல துணிக்கும் நல்ல தையலுக்கும் கொடுக்கிற காசு முதலில் தினமும் உடுக்கிற உடுப்புக்குப் போக வேண்டும்.

ஒரு கணக்குக்குப் பாருங்கள். 18,000 ரூபாவுக்கு ஒரு சாறி எடுக்கிறோம். மூன்று விசேஷத்துக்கு உடுத்ததும் "எல்லாரும் பார்த்திட்டாங்க" ஆகிவிடும். உடுத்த ஒவ்வொரு முறைக்கும் 6,000 ரூபா. 4,000 ரூபாவுக்கு ஒரு நல்ல கொட்டன் டொப், கிழமைக்கு ஒரு நாள் என்று இரண்டு வருடம் உடுத்தால் முறைக்கு 40 ரூபாகூட வராது. ஆனால் கடையில் 4,000க்குத்தான் முகம் சுளிப்போம். 18,000க்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்போம்.

சரி, எத்தனை உடுப்பு வேணும்? யூடியூபில் வெளிநாட்டுப் பிள்ளைகள் முப்பது உடுப்போடு வருடத்தை ஓட்டுவது எப்படி என்று காட்டுகிறார்கள். அதில் பாதி கோட்டும் ஸ்வெட்டரும். அதைப் போட்டுக்கொண்டு மத்தியான வெயிலில் கல்லடிப் பாலத்தைக் கடந்து பாருங்கள். எங்கள் ஊரில் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது உடுப்புக் காயப்போடுகிற கொடிதான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலையில் தோய்த்துப் போட்டால் மத்தியானத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். அந்தக் காலத்துக்கு வேலைக்குப் போக ஐந்து செற் தாராளம். நொவம்பர், டிசம்பர் மாரியில் கதை வேறு. விறாந்தைக் கயிற்றில் மூன்று நாள் ஈரமாகக் கிடக்கும், பிறகு மணக்கத் தொடங்கும். ஆகவே மாரியை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். மேலதிகமாக எடுக்கிற இரண்டு மூன்றும் மெல்லிய, சீக்கிரம் காய்கிற துணியாக இருக்கட்டும். ஜீன்ஸ் மாரிக்கு எதிரி. கால் காய்ந்தாலும் இடுப்புப் பட்டியும் பொக்கற்றும் ஈரத்தை விடாது.

இனித் துணி. இதில்தான் நாங்கள் அதிகம் ஏமாறுகிறோம். எந்தக் கடையில் கேட்டாலும் "நூறு வீதம் கொட்டன் தங்கச்சி" என்றுதான் பதில் வரும். கையில் பிடித்து நன்றாகக் கசக்கி விட்டுப் பாருங்கள். சுருக்கம் அப்படியே நின்றால் பருத்தியாக இருக்க வாய்ப்பு உண்டு, ஒன்றும் நடக்காததுபோல விரிந்தால் பொலியெஸ்டர் கலந்திருக்கும். வீட்டுக்கு வந்தபிறகு உள்தையலில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலொன்றை உருவி, குறட்டால் பிடித்துக் கொளுத்திப் பார்த்தால் இன்னும் தெளிவு. பருத்தி கடதாசி எரிந்த மணத்தோடு பற்றி, சாம்பலாக உதிரும். பொலியெஸ்டர் சுருண்டு உருகும், ஆறியதும் கடினமான சின்ன மணியாக இறுகிக் கிடக்கும். ஒரு சிக்கல்: ரேயோனும் பருத்தி மாதிரியேதான் எரியும், இரண்டுக்கும் அடிப்படை செல்லுலோஸ் என்பதால். ரேயோனைப் பிடிப்பதற்கு நனைத்துப் பார்க்க வேண்டும். நனைந்தால் பருத்தி நூல் பலம் குறையாது, ரேயோன் பலவீனமாகிவிடும். உடுக்க சுகமான துணிதான், குறை சொல்லவில்லை. ஆனால் தோய்க்கிற கல்லில் அடித்துத் தோய்க்கிற வீடென்றால் ரேயோன் அதிக நாள் தாங்காது.

பொலியெஸ்டரை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவும் இல்லை. முழுப் பொலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, இந்தப் புழுக்கத்தில் பஸ்ஸில் நின்று போகிறவருக்கு அது தண்டனை. பாதிக்குப் பாதி கலந்த துணி சுருங்காது, அயன் பண்ணுகிற வேலை குறைவு, மாரியில் காயவும் செய்யும். ஆண்களின் கந்தோர்க் களிசானுக்கு அதுவே போதும்.

மீற்றர் கணக்கில் கொட்டன் எடுத்துத் தைப்பவர்கள் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, அதற்குப் பிறகே ரெய்லரிடம் கொடுங்கள். முதல் தோய்ப்பில் சுருங்குவது வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிடும். உள்ளுக்குள் ஒரு அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். உடம்பு கூடினால் பிரித்து விடலாம், அந்த ஒரு அங்குலத்தில் உடுப்பு இன்னும் சில வருடம் ஓடும். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் முந்திய வாரங்களில் மட்டும் இதையெல்லாம் எந்த ரெய்லரிடமும் கேட்டுவிடாதீர்கள். அவர் முகத்தையே பார்க்கமாட்டார், அவரில் பிழையும் இல்லை. அந்த நாட்களில் காத்தான்குடிக் கடைகளில் துணியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கக்கூட இடம் கிடைக்காது.

எக்ஸ்போர்ட் உடுப்புக் கடைகள் எனக்குப் பிடிக்கும். கார்மென்ட்டிலிருந்து கழித்துவிட்ட நல்ல துணி அங்கே பாதி விலைக்கு அகப்படும். ஆனால் கழித்துவிட்டதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடிக்காமல் காசு கொடுக்கக் கூடாது. ரீசேட்டை நெடுக்காக மடித்து இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், நீளம் மாறியிருக்கலாம். தோளில் பிடித்துத் தொங்கவிட்டால் பக்கத் தையல் நேரே கீழே இறங்க வேண்டும். வயிற்றுப் பக்கம் திரும்பி ஓடினால் எத்தனை தரம் அயன் பண்ணினாலும் நேராகாது. உள்பக்கம் ஒரு சின்னக் கறை என்றால் யோசிக்காமல் எடுங்கள்.

தினமும் சாறி உடுக்கிற ஆசிரியைகளின் நிலைமை தனி. 2022இல் சில ஆசிரியைகள் சாறி இல்லாமல் வேறு உடையில் பள்ளிக்கூடம் போனதை நாடே வாக்குவாதமாக்கியது, நினைவிருக்கும். அந்த வாக்குவாதத்தில் நான் ஆசிரியைகள் பக்கம். ஆனாலும் உடுக்கத்தான் வேண்டுமென்றால் ஜோர்ஜெட்டை விட்டுக் கைத்தறிக்கு வாருங்கள். கல்முனைக்குப் பக்கத்தில் மருதமுனை இருக்கிறது. 2004 சுனாமி அந்த ஊரைப் புரட்டிப் போட்ட பிறகும் அங்கே தறி நிற்கவில்லை. காற்றுப் போகிற சாறி, வீட்டுக்காரருக்குச் சாறன், இரண்டையும் ஒரே பயணத்தில் எடுக்கலாம். கடும் நிறமென்றால் முதல் இரண்டு மூன்று தரம் தனியே ஊறவையுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைச் சேட்டெல்லாம் நிறம் மாறும்.

"கோயிலுக்குப் போகக்குள்ள நல்லதா ஒண்டு உடுத்துப் போ புள்ள" என்று அம்மா சொல்வது எனக்கும் கேட்கிறது. ஒரு நல்ல பட்டு எல்லாரிடமும் இருக்கட்டும். ஆனால் மாமாங்கத் தீர்த்தத்துக்கு ஆடி அமாவாசை வெயிலில் கனத்த பட்டோடு நின்று வியர்த்து வழிவதில் என்ன பக்தி என்று எனக்கு விளங்கவில்லை. இன்னொன்று, கலியாணம், சாமத்தியம் என்று வந்துவிட்டால் சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் ஒரே கலர் சாறி எடுக்க வேண்டும் என்கிற புதுப் பழக்கம். வட்சப் குழுவில் படம் வரும், கீழே விலையும் வரும். மறுத்தால் கோபம். எடுத்தால் அந்த நிறம் அந்த அல்பத்தோடு சரி. நான் இப்போது "என்னிடம் இருக்கிற நீலத்தை உடுத்து வாறன் மாமி" என்று சொல்லிவிடுகிறேன். மாமி இரண்டு நாள் கதைக்கவில்லை, மூன்றாம் நாள் பலகாரம் சுட வரச் சொல்லி அவவே போன் எடுத்தா.

கடைசியாக, பொக்கற். ஆண்களின் களிசானில் நாலு வைக்கிற உலகம் எங்கள் டொப்பில் ஒன்றைக்கூட வைப்பதில்லை. ஸ்கூட்டியில் போகிறவள் போனையும் சாவியையும் எங்கே வைப்பாள்? பெயருக்கு வைத்துத் தருகிற பொக்கற்றில் இரண்டு விரல்தான் போகும். போன் முழுதாக உள்ளே இறங்குகிற அளவில், பக்கத் தையலோடு சேர்த்து, துருத்தாமல் பொக்கற் வைத்துத் தைக்கிற ரெய்லரோ ரெய்லர் அக்காவோ கல்லடி, ஊறணிப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். துணி இரண்டு ஊறவைத்துக் காய்ந்து மடித்தபடி கிடக்கிறது.