மற்றும் பலர்

ஜூன் முதல் சனிக்கிழமை சிட்டனாங்கோவுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து இதை எழுதியே ஆகவேண்டும் என்று மனது அரித்துக்கொண்டே இருக்கிறது. நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க் மாநிலத்தில், சிரக்யூஸ் நகரத்துக்குக் கிழக்கே இருக்கிறது இந்த ஊர். மக்கள்தொகை சுமார் 5,000. எல். ஃபிராங்க் பாம் 1856-இல் பிறந்தது இங்கேதான். அவர் 1900-இல் எழுதிய குழந்தைக் கதையைத்தான் எம்.ஜி.எம். நிறுவனம் 1939-இல் 'தி விஸர்ட் ஆஃப் ஆஸ்' என்ற படமாக எடுத்தது. யோசித்துப் பார்த்தால் ஊருக்கும் படத்துக்கும் இருக்கும் தொடர்பு ரொம்பவே மெலிசு. கதை நடப்பது கேன்சஸில். படம் எடுத்தது கலிஃபோர்னியாவில். பாம் குடும்பம் அவர் சிறுவனாக இருக்கும்போதே ஊரைவிட்டுப் போய்விட்டது. ஆனாலும் 1978-இல் உள்ளூர் நூலகர் ஒருவர் பாமின் பிறந்தநாளைக் குழந்தைகளோடு கொண்டாட ஆரம்பித்தார். அதுதான் இன்றைக்கு 'ஆஸ்-ஸ்ட்ராவகன்சா' என்ற பெயரில் மூன்று நாள் திருவிழாவாக வளர்ந்து நிற்கிறது. நடைபாதையிலேயே மஞ்சள் செங்கல் பதித்திருக்கிறார்கள். படத்தின் நாயகிச் சிறுமி டோரத்தி நடந்து போகிற அதே மஞ்சள் பாதை.

கொண்டாடப்படுவது புத்தகமா, படமா என்று கேட்டால், குழந்தைகளின் காலைப் பாருங்கள் என்பேன். புத்தகத்தில் டோரத்தியின் காலணி வெள்ளி. டெக்னிகலரில் எடுப்பாகத் தெரியவேண்டும் என்பதற்காகப் படத்தில் அதைச் சிவப்பாக்கினார்கள். நான் பார்த்த குழந்தைகள் அத்தனை பேர் காலிலும் சிவப்புதான் மின்னியது. என் மகள் காலிலும்.

ஆனால் நான் எழுத வந்தது டோரத்தியைப் பற்றி இல்லை.

படத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். சூறாவளி டோரத்தியின் வீட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ் என்ற மாய நாட்டில் போடும். டோரத்தி கதவைத் திறப்பாள். அதுவரை பழுப்பு நிறத்தில் ஓடிய படம் சட்டென்று வண்ணமாகும். பூப்புதர்களுக்குப் பின்னாலிருந்து சின்ன உருவங்கள் ஒவ்வொன்றாய் எட்டிப் பார்க்கும். அந்த நாட்டில் வாழும் அவர்கள்தான் மன்ச்கின்கள். 1938 கடைசியில் அந்தக் காட்சிகளுக்காக உயரம் குறைந்த 124 பேரைத் திரட்டி நடிக்க வைத்தார்கள். (நம் வாயில் சட்டென்று வருகிற சொல் வேறு. அதை எழுத எனக்குக் கை வரவில்லை. 'உயரம் குறைந்தவர்கள்' என்றே எழுதுகிறேன்.)

அந்த 124 பேரின் பெயர்களைப் படத்தில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. வியன்னாவிலிருந்து வந்த லியோ சிங்கர் என்பவர் நடத்திய குழுவின் பெயரை மட்டும் போட்டு அத்தனை பேரையும் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்தக் குழுப் பெயரிலேயே இன்றைக்கு வசைச்சொல்லாகிவிட்ட ஒரு சொல் இருக்கிறது. நம் ஊர்ப் பட டைட்டிலில் கடைசியாக ஒரு வரி வருமே, 'மற்றும் பலர்' என்று. அதுதான் அவர்களுக்குக் கிடைத்தது.

குரலாவது அவர்களுடையதா என்றால், அதுவும் இல்லை. ஓரிருவரைத் தவிர மற்றவர்களுக்கெல்லாம் வேறு பாடகர்கள் பாடி, அதை வேகமாக ஓடவிட்டுக் கீச்சுக்குரலாக்கிச் சேர்த்தார்கள். சம்பளத்தைப் பற்றி அந்த நடிகர்களே பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லிவந்தார்கள். வாரத்துக்குத் தங்களுக்கு 50 டாலர், டோட்டோவாக நடித்த நாய்க்கு 125 டாலர். முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை யோசித்தபோது வரவில்லை.

பெயர் போடாத இடத்தில் வதந்திதான் முளைக்கும். மன்ச்கின் நடிகர்கள் தங்கிய விடுதியில் குடித்துக் கும்மாளம் போட்டார்கள் என்று பல ஆண்டுகள் கதை கட்டினார்கள். அவர்களில் ஒருவர் படப்பிடிப்புத் தளத்திலேயே தூக்கில் தொங்கினார், அது படத்திலும் பதிவாகியிருக்கிறது என்று ஒரு புரளி இணையத்தில் இன்னும் சுற்றுகிறது. தகர மனிதன் என்ற பாத்திரத்தை டோரத்தி சந்திக்கும் காட்சியில் பின்னணியில் அசைவது ஒரு பெரிய பறவை. தளத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டிருந்தார்கள். உண்மை வெளிவந்து எத்தனையோ வருடம் ஆகியும் அந்தக் காணொளியைப் பகிர்கிறவர்கள் குறையவில்லை. செத்ததாகச் சொல்லப்பட்ட, இல்லவே இல்லாத ஒரு மனிதரை ஊருக்கே தெரிகிறது. உயிரோடு இருந்து நடித்த 124 பேரில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் முழிக்கிறோம். நானும் முழித்தவன்தான்.

இந்த இடத்தில்தான் சிட்டனாங்கோ போன்ற ஊர்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தோன்றுகிறது. இந்த நடிகர்களை அழைத்துவந்து, வண்டியில் உட்காரவைத்து, ஊர்வலத்தின் முன்னால் கொண்டுபோனார்கள். மேசை போட்டு உட்காரவைத்துக் கையெழுத்து வாங்க வரிசையில் நின்றார்கள். வேடத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஹாலிவுட் நடைபாதையில் மன்ச்கின்களுக்கு நட்சத்திரம் பதித்தது 2007 நவம்பரில். படம் வந்து 68 ஆண்டுகள் கழித்து! அதுவும் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒன்று. ஸ்டுடியோ செய்யாததையும் பெருநகரம் தாமதமாகச் செய்ததையும் இந்தச் சின்ன ஊர்கள் அதற்கு முன்பே, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்துவிட்டன.

அந்த நடிகர்கள் யார் யார் என்று கொஞ்சம் கேளுங்கள்.

மைன்ஹார்ட் ராபி. டோரத்தியின் வீடு மேலே விழுந்து சூனியக்காரி செத்தது உறுதி என்று சுருளை விரித்துச் சான்று வாசிக்கும் மரண விசாரணை அதிகாரியாக வருபவர். திரையில் மொத்தம் 13 வினாடி. கணக்கியல் படித்துப் பட்டம் வாங்கியவர், பிறகு மேலாண்மையிலும் முதுகலை முடித்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் குடிமக்கள் வான்படையில் விமானம் ஓட்டினார். ஆஸ்கர் மேயர் இறைச்சி நிறுவனத்தின் விளம்பரப் பாத்திரமான 'லிட்டில் ஆஸ்கர்' ஆக ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றினார். 2010-இல் தன் 94-ஆம் வயதில் இறந்தார்.

ரூத் டுச்சினி. படம் முடிந்த சில வருடங்களில் அமெரிக்கா போரில் இறங்கியது. டக்ளஸ் விமானத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். மற்றவர்கள் நுழைய முடியாத இடுக்குகளுக்குள் அவரால் நுழைந்து ரிவெட் அடிக்க முடிந்தது. படத்துக்கு வெறும் அலங்காரமாகத் தேவைப்பட்ட அதே உடல் இங்கே ஒரு தொழிலுக்கே தேவைப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது.

கார்ல் ஸ்லோவர், எக்காளம் ஊதிக்கொண்டு முன்னால் வருபவர். ஐரோப்பாவில் பிறந்தவர். ஒன்பது வயதுப் பையனாக இருக்கும்போதே ஒரு நாடோடிக் கலைக்குழுவோடு அப்பா அனுப்பிவிட்டார். ஜெரி மாரென், டோரத்தியிடம் பெரிய வண்ண மிட்டாயைக் கொடுக்கும் மூவரில் நடுவில் நிற்பவர், படம் எடுக்கும்போது 18 வயது. 2018 மே மாதம் 98 வயதில் இறந்தபோது, மன்ச்கின்களாக நடித்த பெரியவர்களில் கடைசியாக இருந்தவர் போய்விட்டார் என்று பத்திரிகைகள் எழுதின.

ஆக, இனி ஊர்வலத்தில் உட்காரவைக்க யாரும் இல்லை. இதுதான் என் கவலை. நட்சத்திரங்கள் இல்லாமல் போனாலும் படம் ஓடும், காலணி விற்கும், வேடப்போட்டி நடக்கும். மினசோட்டாவில், டோரத்தியாக நடித்த ஜூடி கார்லண்ட் பிறந்த கிராண்ட் ராபிட்ஸ் ஊர் அருங்காட்சியகத்திலிருந்து 2005-இல் படத்தில் பயன்படுத்திய ஒரு ஜோடி சிவப்புக் காலணி திருடு போனது. நிஜ மாணிக்கம் பதித்தது என்று நம்பித் திருடியிருக்கிறார் திருடர். இருப்பதெல்லாம் ஜிகினா. 2018-இல் மீட்டார்கள். 2024 டிசம்பரில் ஏலத்தில் கட்டணங்களோடு சேர்த்து 3.25 கோடி டாலருக்குப் போனது. அந்த ஊரும் காசு திரட்டி வாங்கப் பார்த்தது, முடியவில்லை. ஒரு பொருளுக்கு என்றால் உலகம் இவ்வளவு கொடுக்கத் தயார். அந்தப் பொருளைச் சுற்றி நின்று ஆடியவர்களை யார் நினைவில் வைத்துக்கொள்வது? சின்ன ஊர்த் திருவிழாவால்தான் முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் அந்தத் திருவிழா வெறும் வேடிக்கையாகச் சுருங்கிவிடக் கூடாது என்று பதறுகிறேன்.

எனக்கு ஒரு ஆசை. ஊர்வலத்தில் 124 பிள்ளைகள் நடக்கட்டும். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு நடிகரின் பெயர் தொங்கட்டும். அந்தப் பிள்ளைக்கு அந்த ஒருவரின் கதை மட்டும் தெரிந்தால் போதும். யாராவது கேட்டால் சொல்லட்டும். செலவே இல்லாத காரியம்.

அப்புறம், இதை எழுதும்போது இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக இருந்ததாக ஆகாது. பெயர், மரியாதை என்று இவ்வளவு பேசிவிட்டு, பாம் எழுதிய வேறு சில வரிகளை மறைக்க முடியாது.

கதாசிரியராகப் புகழ்பெறுவதற்கு முன்னால் பாம் தெற்கு டகோட்டாவின் அபர்டீனில் ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். 1890 டிசம்பரில் லகோட்டா தலைவர் சிட்டிங் புல் கொல்லப்பட்ட சில நாட்களில், பழங்குடி மக்களை அடியோடு அழித்துவிட வேண்டும் என்று தலையங்கம் எழுதினார். அதே மாதம் 29-ஆம் தேதி, அமெரிக்கப் படை லகோட்டா மக்களைக் கொன்று குவித்த வூண்டட் நீ படுகொலை நடந்தது. அதற்குப் பிறகு, 1891 ஜனவரியில், அதையே மறுபடி எழுதினார். 2006-இல் அவருடைய வாரிசுகள் லகோட்டா மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். இத்தனைக்கும் அவருடைய மாமியார் மட்டில்டா ஜாஸ்லின் கேஜ் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். ஹோடெனோஷோனி என்ற பழங்குடிக் கூட்டமைப்பு மக்களிடையே பெண்களுக்கு இருந்த அதிகாரத்தை வியந்து எழுதியவர். அந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்த மோஹாக் மக்கள் அவரைத் தங்கள் குலத்தில் ஒருவராக ஏற்றுக்கொண்டார்கள். கதைகளை எழுது எழுது என்று மருமகனைத் தூண்டியதும் அவர்தான். ஒரே குடும்பத்துக்குள் இப்படியும் அப்படியும்.

சிட்டனாங்கோ இருப்பதே ஹோடெனோஷோனி கூட்டமைப்பைச் சேர்ந்த ஒனைடா மக்களின் பூர்வீக நிலத்தில். 2015-இல் அந்த ஒனைடா மக்கள் இதே ஊரில் ஒரு கேசினோ திறந்தார்கள். பெயர் 'யெல்லோ பிரிக் ரோடு', மஞ்சள் செங்கல் பாதை! பாமின் தலையங்கங்களை எடுத்துக்காட்டிச் சிலர் ஆட்சேபித்தார்கள். எனக்கு அதில் தீர்ப்புச் சொல்ல உரிமை இல்லை, அது அந்த மக்களின் முடிவு. ஆனால் திருவிழா பற்றி எனக்குக் கருத்து உண்டு. பெயர் மறைக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து மரியாதை செய்த ஊர் இது. அந்தப் பழக்கம் உள்ள ஊரால் இதையும் தாங்க முடியும். மூன்று நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்தத் தலையங்கங்களை வாய்விட்டு வாசிக்கட்டும், பக்கத்தில் ஒனைடா மக்களும் லகோட்டா மக்களும் உட்கார்ந்து பேசட்டும். கொண்டாட்டம் கெட்டுவிடும் என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். குழந்தைகளை மன்ச்கின்லாந்தில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் ஒரு மணி நேரம் உட்காரலாம். ஒன்றும் கெடாது.

இந்தப் படத்தை நான் வெறுக்கச் சொல்லவில்லை. எனக்கு அது உயிர். முதலில் வெளிவந்தபோது போட்ட காசை எடுக்காமல், 1949 மறுவெளியீட்டில்தான் லாபம் பார்த்த படம் அது. 1956 நவம்பரில் தொலைக்காட்சியில் முதல்முறையாக வந்து, பிறகு வருடத்துக்கு ஒருமுறை வருவது வழக்கமான பிறகுதான் வீட்டுக்கு வீடு உறவானது. அந்தக் காலத்தில் பெரும்பாலான வீடுகளில் கறுப்பு-வெள்ளைப் பெட்டிதான். டோரத்தி கதவைத் திறந்ததும் வண்ணம் வரும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அப்படியும் பிடித்துப்போனது. வண்ணம் இல்லாமலே பிடித்துப்போனதற்கு, புதருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அந்த முகங்களும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்த அன்று இரவே படத்தைப் போட்டோம். மன்ச்கின்லாந்து வந்ததும் மகள் ஒவ்வொரு முகத்திலும் நிறுத்தச் சொன்னாள். "இது யார் அப்பா?" மரண விசாரணை அதிகாரிக்குச் சொன்னேன். எக்காளக்காரருக்குச் சொன்னேன். மிட்டாய்க்காரருக்குச் சொன்னேன். பூத்தொட்டித் தொப்பி போட்டவர் மார்கரெட் பெலிகிரினி என்று சொன்னேன். அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது வரிசையில் பச்சைச் சட்டையோடு ஒருவர் கையசைக்கிறார், ஒரு வினாடி கூட இருக்காது. அவள் அந்த இடத்திலேயே நிறுத்திவைத்துவிட்டுத் தன் நோட்டை எடுத்துவந்தாள். 'பச்சைச் சட்டை' என்று எழுதிப் பக்கத்தில் காலி இடம் விட்டிருக்கிறாள். தினம் பள்ளி விட்டு வந்ததும் கிடைத்ததா என்று கேட்கிறாள். உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

அடுத்த ஜூனுக்கு டோரத்தி வேடம் வேண்டாமாம். ரூத் டுச்சினியாகப் போகிறாளாம். மன்ச்கின் கவுனா, விமானத் தொழிற்சாலை உடையா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.