ஆறு மாத ஊசியை ஒன்பது நாளில் போட்டுக்கொள்ளச் சொன்னவர்களுக்கு

ஒரு நர்சிங் கல்லூரி ஒட்டிய அந்தச் சுற்றறிக்கையின் படத்தை இந்நேரம் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே நான்கு குழுக்களிலிருந்து வந்துவிட்டது. எந்தக் கல்லூரி, எந்த மருத்துவமனை என்று நான் எழுதப் போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். முதலாமாண்டு நர்சிங் மாணவிகள் 17 பேர் வெள்ளைச் சீருடையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, காலை ஏழு மணிக்கு 'போஸ்டிங்' எனும் வார்டுப் பயிற்சிக்காக மருத்துவமனை வாசலில் இறங்கி, தடுப்பூசிச் சான்றுகள் முழுமையாக இல்லை என்று அதே பேருந்தில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அது கூடப் பரவாயில்லை. மறுநாள் ஒட்டப்பட்ட சுற்றறிக்கையில் அவர்களை 'தங்களது அலட்சியத்தால் தகுதி பெறாத மாணவியர்' என்று எழுதியிருக்கிறார்களே, அந்த ஒரு சொல்தான் என்னை இரண்டு நாளாக உறங்கவிடவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வந்து இதைத்தான் கேட்பீர்கள்: தடுப்பூசி போடாத மாணவியை வார்டுக்குள் விடக் கூடாது என்ற விதி சரியானது. நூற்றுக்கு நூறு சரியானது. 28 ஆண்டுகள் வார்டில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்று உள்ள நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசி போடாத ஒருவரின் கையில் குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. எல்லோரும் பெயரைக் கேட்டாலே நடுங்குகிற எச்.ஐ.வி.க்கு அதே வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். உலர்ந்த ரத்தக் கறையில் ஏழு நாள் வரை உயிர்த்திருக்கக்கூடியது ஹெபடைடிஸ் பி வைரஸ். பதினெட்டு வயதுப் பெண்ணை அதன் முன்னால் வெறும் கையோடு நிறுத்தச் சொல்லி நான் ஒருநாளும் கேட்க மாட்டேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அட்டை கேட்பது சரி. அட்டை இல்லாமல் போனது யார் குற்றம்?

ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணை. முதல் ஊசி இன்று போட்டால், இரண்டாவது ஒரு மாதம் கழித்து, மூன்றாவது முதல் ஊசியிலிருந்து ஆறு மாதம் கழித்து. மூன்றாவது ஊசி போட்டு ஒன்று அல்லது இரண்டு மாதம் ஆன பிறகே ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு உருவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த அளவு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் (mIU) அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று பொருள். ஆக, இன்று தொடங்குகிற ஒரு பெண்ணின் கையில் முழுமையான சான்று வந்து சேரக் குறைந்தது ஏழு மாதம் ஆகும். இதை நர்சிங் கல்லூரியே மாணவிகளுக்குப் பாடமாக நடத்துகிறது. நடத்தி, தேர்விலும் கேட்கிறது. அதே கல்லூரி, போஸ்டிங் தொடங்குவதற்கு ஒன்பது நாள் முன்பு, மூன்று தவணைச் சான்றும் ரத்தப் பரிசோதனை அறிக்கையும் கொண்டுவரச் சொல்லி வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்கிறது. அட்டவணை தெரியாமல் அனுப்பினார்களா, தெரிந்தே அனுப்பினார்களா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். எது உண்மையானாலும் அதற்குரிய தமிழ்ச் சொல் ஒன்று இருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது.

அந்தப் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்தது அக்டோபரில். சேர்ந்த அன்றே, கட்டணம் வாங்கிய மேசைக்குப் பக்கத்து மேசையில் ஒரு நர்ஸை உட்கார வைத்து முதல் தவணையைப் போட்டிருந்தால், இப்போது ஜனவரியில் இரண்டு தவணை முடிந்திருக்கும். மூன்றாவதற்கு ஏப்ரல் என்று தேதி குறித்துக் கொடுத்துவிட்டு, அதுவரை ஊசி, ரத்தம் தொடர்பான வேலைகளில் விடாமல், படுக்கை விரிக்கவும் நாடி பார்க்கவும் விட்டிருக்கலாம். கட்டணத்தை வாங்க மட்டும் முதல் நாளே மேசை தயாராக இருந்தது.

அந்த 17 பேரில் ஒரு பெண் எங்கள் தெருவில் இருக்கிறாள். பிறந்தது 2006-இல். அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி 2002-03-இல் சில இடங்களில் மட்டும் சோதனையாகத் தொடங்கி, 2007-08-இல் தமிழ்நாடு உட்படப் பத்து மாநிலங்களுக்கு வந்து, 2011-இல்தான் நாடு முழுவதற்கும் ஆனது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுடைய ஊர்ச் சுகாதார நிலையத்தில் அந்த ஊசியே இல்லை. இல்லாத ஊசியைப் போட்டுக்கொள்ளாதது அவளுடைய அலட்சியம். மற்ற ஊசிகளைக் குறித்து வைத்திருந்த அட்டை 2015 வெள்ளத்தில் ரேஷன் அட்டையோடு சேர்ந்து போனது. அதுவும் அவளுடைய அலட்சியம். தட்டம்மை, ரூபெல்லா ஊசியை 2017 பிப்ரவரியில் நடந்த முகாமில் பள்ளியிலேயே வரிசையில் நிற்க வைத்துப் போட்டு, விரலில் மை வைத்து அனுப்பினார்கள். அந்த மையை எட்டு ஆண்டுகளாக அழியாமல் பாதுகாக்கத் தவறியதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. சின்னம்மை வந்து போனதற்கு 'மருத்துவர் அளித்த ஆதாரம்' வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இல்லாவிட்டால் இரண்டு தவணை ஊசி போட வேண்டும். அந்த ஊசி அரசுத் திட்டத்தில் கிடையாது, கைக்காசு போட்டுத்தான் வாங்க வேண்டும், விலையும் கூடுதல். நம் ஊரில் அம்மை கண்டால் யார் டாக்டரிடம் போகிறார்கள்? வாசலில் வேப்பிலை செருகி, பிள்ளையைத் துணி விரித்துப் படுக்கவைத்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றி எழுப்புவார்கள். அவள் அம்மா என்னிடம் வந்து, "சிஸ்டர், ஆத்தா வந்து போனதுக்கு யாருகிட்டக் கையெழுத்து வாங்குறது?" என்று கேட்டார். கோயில் பூசாரியிடம் கேட்டுப் பாருங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொன்னேன். அதற்கும் பணம் வேண்டும். அவர் பூக்கட்டி விற்பவர்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை பொதுவில் சொன்னதில்லை.

1993-இல் நான் இரண்டாமாண்டு மாணவி. அன்று எங்களுக்கு ஊசி பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி என்று ஒன்று வெளிநாட்டிலிருந்து வருகிறது, விலை நம்மால் முடியாது என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தோம். ஐதராபாத்தில் இந்தியத் தயாரிப்பாக ஷான்வாக்-பி வந்து விலை இறங்கியதெல்லாம் 1997-இல். ஓர் இரவு டியூட்டியில், எழுபதுக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸும் நாங்கள் இரண்டு மாணவிகளும் இருந்த வார்டில், ஊசிக்கு மூடி போடும்போது இடது ஆள்காட்டி விரலில் குத்திக்கொண்டேன். ஊசிக்குத் திரும்ப மூடி போடவே கூடாது என்று இன்று முதல் வகுப்பிலேயே சொல்கிறோம். அன்று எங்களுக்குப் போடச் சொல்லித்தான் கற்றுக்கொடுத்தார்கள். அந்த நோயாளியின் கண் மஞ்சளாக இருந்தது. ஸ்டாஃப் நர்ஸ் விரலில் ஸ்பிரிட் ஊற்றிவிட்டு, அடுத்த படுக்கைக்குப் போகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்; அவருக்கும் வேறு எதுவும் தெரியாது, நேரமும் இல்லை. மறுநாள் ட்யூட்டர் என்னை வகுப்பின் முன்னால் நிறுத்தி, 'எனது அலட்சியத்தால்' என்று தொடங்கும் மன்னிப்புக் கடிதம் ஒன்றை எழுதி வாங்கினார். ரத்தப் பரிசோதனை என்ற பேச்சே எழவில்லை. அதன் பிறகு ஆறு மாதம், விடுதியில் மற்றவர்கள் எழுவதற்கு முன்பே எழுந்து, குளியலறைக் கண்ணாடியில் கீழ் இமையை இழுத்து என் கண் மஞ்சளாகியிருக்கிறதா என்று பார்ப்பேன். வீட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னால் படிப்பை நிறுத்தியிருப்பார்கள். நல்ல வேளையாக எதுவும் வரவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தின் முதல் வரி மட்டும் 32 ஆண்டுகள் கழித்து ஒரு வாட்ஸ்அப் படத்தில் அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

நேற்று இதைப் பற்றி இரண்டு வரி எழுதியதற்கே, நான் மதிக்கிற ஒரு மூத்த பேராசிரியை, ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் ஏன் நர்சிங் படிக்க வருகிறார்கள் என்று கேட்டிருந்தார். அதற்கு எத்தனை சிரிப்புப் பொம்மைகள்! அம்மா, அவர்கள் ஊசிக்குப் பயப்படவில்லை. ஊசி போடச் சொல்லி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குத் தெரியாதது அல்ல.

கல்லூரிகள் எவ்வளவுதான் செலவு செய்யும் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். விளக்கேற்றும் விழாவுக்குப் பந்தலும் மேளமும் டிரோன் கேமராவும் ஏற்பாடு செய்ய முடிந்தவர்களால் மாணவிக்கு மூன்று ஊசிக்கான செலவைத் தாங்க முடியாது என்றால் நம்புகிறேன். நம்பித்தான் ஆக வேண்டும். 2016-இன் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பிறருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடும் பொறுப்பை நிறுவனத்தின் மேல்தான் வைக்கின்றன. பயன்படுத்திய ஊசியையும் ரத்தம் படிந்த பஞ்சையும் வார்டில் அள்ளிப் போடுகிற மாணவி அந்தப் 'பிறர்' இல்லையென்றால் வேறு யார்?

மருத்துவமனை தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். பச்சிளம் குழந்தைகள் வார்டும் புற்றுநோய் வார்டும் உள்ள இடம் அது. சான்று இல்லாதவர்களை நிறுத்தியது அவர்கள் கடமை. நான் அங்கே பணியில் இருந்திருந்தால் நானும் நிறுத்தியிருப்பேன். வாசலில் நிறுத்தியவரிடம் எனக்குக் கோபம் இல்லை. வாசல் வரை அனுப்பியவரிடம்தான் கோபம்.

ஆனால் மாணவிகளிடம் நிரப்பித் தரச் சொன்ன படிவத்தின் இரண்டாம் பக்கத்தை யாரும் பகிரவில்லை, கவனித்தீர்களா? எங்கள் தெருப் பெண் என்னிடம் காட்டினாள். அதில் எச்.ஐ.வி. பரிசோதனை அறிக்கையும் இணைக்க வேண்டும் என்று இருக்கிறது. கல்வி பெறவோ தொடரவோ எச்.ஐ.வி. பரிசோதனையை முன்நிபந்தனையாக்கக் கூடாது என்று 2017-இன் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டமே சொல்கிறது. போட வேண்டிய ஊசியை நினைவில் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு, கேட்கவே கூடாத பரிசோதனை மட்டும் நினைவுக்கு வந்திருக்கிறது. அதற்குக் கீழே ஓர் உறுதிமொழி: போஸ்டிங் காலத்தில் ஊசி குத்தினாலோ தொற்று ஏற்பட்டாலோ கல்லூரியும் மருத்துவமனையும் பொறுப்பல்ல என்று பெற்றோர் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாய் அதைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். ஊசி குத்திவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதோ, நள்ளிரவில் குத்தினால் எந்த அறையில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதோ அந்த ஆறு பக்கப் படிவத்தில் ஒரு வரி கூட இல்லை. மாணவியைப் பாதுகாக்கத்தான் இந்த விதி என்றால், அந்த வரியைத் தானே முதலில் அச்சடித்திருக்க வேண்டும்?

நான் பேச்சை மாற்றுகிறேன் என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். இதே மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறையான நாட்களில், இதே மாணவிகள் ஸ்டாஃப் நர்ஸ் செய்ய வேண்டிய வேலையை இரவு பகலாகச் செய்கிறார்கள். அந்த நாட்களில் அவர்களுடைய தடுப்பூசி அட்டையை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆள் தேவைப்படும்போது அவர்கள் கை, காகிதம் தேவைப்படும்போது அவர்கள் குற்றம்.

இப்போது நடக்கப் போவது இதுதான். பட்டம் பெறுவதற்கு முன் ஒவ்வொரு செய்முறைப் பிரிவிலும் வருகை 100 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. இந்த 17 பேரும் இழந்த நாட்களை விடுமுறையில் ஈடுகட்ட வேண்டும். அதற்கும் 'ஏற்பாட்டுக் கட்டணம்' என்று ஒரு தொகை கேட்டிருக்கிறார்கள்; எவ்வளவு என்று எழுதினால் கல்லூரி எது என்று தெரிந்துவிடும்.

எங்கள் தெருப் பெண்ணுக்கு முதல் தவணையை நேற்று என் பழைய வார்டில் போட்டுக்கொள்ள ஏற்பாடு செய்தேன். ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் போடுகிறார்கள் என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் வழியில், கல்லூரியில் மன்னிப்புக் கடிதம் கேட்கிறார்கள், எப்படித் தொடங்க வேண்டும் என்று என்னிடம் கேட்டாள்.

தேதியை மட்டும் எழுது, மற்றதை நான் வந்து பேசிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை போகிறேன்.